வேலூர்க் கோடையில் ‘எண்ட்லெஸ் சம்மர்’: பீச் பாய்ஸ் தொகுப்பைக் கேட்கும் முறை

பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கப் பாட்டுக் குழுவின் புகழ்பெற்ற பாடல்களைத் திரட்டி, கேப்பிடல் நிறுவனம் 1974 ஜூன் மாதம் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டுத் தொகுப்பின் பெயர் ‘எண்ட்லெஸ் சம்மர்’. மேற்கத்தியப் பாட்டில் அதிகப் பழக்கம் இல்லாத, ஆனால் கர்நாடக இசையோ திரைப்பாடலோ கேட்டுச் செவி பழகிய ஒருவர், இந்த இருபது பாடல்களை எப்படிக் கேட்கத் தொடங்கலாம் என்பதை வேலூரில் வாழும் ஒரு நெடுநாள் ரசிகன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன். அலைச்சறுக்கு, கார், பள்ளிக்கூடம், காதல் என்று இப்பாடல்களின் பொருள் இலேசானதாகத் தோன்றுவதால், பலர் இவற்றைப் பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலையில் மூழ்கிவிடுகிறார்கள். அப்படிக் கேட்டால் இத்தொகுப்பின் மேல்தோல் மட்டுமே கிடைக்கும். உள்ளே ஐந்து குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று செய்யும் வேலைதான் இதன் உயிர், அதைப் பிடிப்பதற்குக் கொஞ்சம் முறையான பயிற்சி வேண்டும்.

எந்தப் பதிப்பு

இக்குழுவுக்குத் தொகுப்புகள் பல உண்டு. முதல் தொகுப்பு 1966ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 2003இல் முப்பது பாடல்களுடன் ‘சவுண்ட்ஸ் ஆஃப் சம்மர்’ வந்தது, 2022இல் அதுவே எண்பது பாடல்களாக விரிக்கப்பட்டது. புதிதாகக் கேட்பவருக்கு எண்பது பாடல்கள் திகட்டும். ‘எண்ட்லெஸ் சம்மர்’ 1962 முதல் 1965 வரையிலான காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்துக்கு ஐந்து பாடல் என நான்கு பக்கங்களில் அதை முடித்துவிடுகிறது. நான்கு ஆண்டுகளுக்குள் ஒரு குழு எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தது என்பது ஒரு மணி நேரத்துக்குள் காதில் விழுந்துவிடும் என்பதால், தொடக்கக்காரருக்கு நான் எப்போதும் இதையே சொல்கிறேன்.

இத்தொகுப்பு பிறந்த சூழலையும் தெரிந்துகொள்வது நல்லது. 1960களின் இறுதியில் இக்குழு கேப்பிடலை விட்டு வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டது, ஆனால் பழைய ஒலிப்பதிவுகள் கேப்பிடலிடமே இருந்தன. 1973இல் வெளிவந்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ என்ற திரைப்படம் 1960களின் தொடக்கத்து இளமையை மீண்டும் பேசுபொருளாக்கியது. அப்படத்தின் முடிவில் ஒலித்த பாடல் இக்குழுவின் ‘ஆல் சம்மர் லாங்’. அடுத்த ஆண்டே கேப்பிடல் தன்னிடம் இருந்த பாடல்களைத் திரட்டி வெளியிட, அதற்கான தலைப்பைக் குழுவின் பாடகர் மைக் லவ் கொடுத்தார். அக்டோபரில் அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அந்த ஆண்டின் சிறந்த குழுவாக ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் அவர்களைத் தேர்ந்தெடுத்தது. நிறுவனத்தின் நோக்கம் வணிகமே என்பதில் ஐயமில்லை, ஆயினும் பாடல்களை வரிசைப்படுத்தியவர் கவனத்தோடு செய்திருக்கிறார் என்பதே என் எண்ணம்.

கைப்பேசியில் கேட்பதாக இருந்தால், தொகுப்பைத் திறந்தவுடன் வரிசையைச் சரிபாருங்கள். ‘சர்ஃபின் சஃபாரி’ முதலாவதாகவும், ‘ஆல் சம்மர் லாங்’ இருபதாவதாகவும் இருக்க வேண்டும். குறுந்தட்டுக் காலத்தில் இறுதியில் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ என்ற பாடலையும் சேர்த்தார்கள், அது இருந்தால் முதல் வாரம் அதைத் தொடாதீர்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பாடல்களைக் கலைத்துப் போடும் ‘ஷஃபிள்’ வசதியை அணைத்துவிடுங்கள். மேடையில் பதிவு செய்யப்பட்ட வடிவங்களும் அதே தலைப்புகளில் கிடைக்கும், பாடலின் தொடக்கத்தில் கூட்டத்தின் ஆரவாரம் கேட்டால் அது இந்தத் தொகுப்பைச் சேர்ந்தது அல்ல.

கேட்கும் கருவியும் கேட்கும் நேரமும்

விலை உயர்ந்த ஸ்பீக்கர் தேவையில்லை. ஆனால் கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், ஏனெனில் கீழ்ஸ்தாயிக் குரல் அதில் ஏறக்குறைய மறைந்துவிடும், அந்தக் குரல் இல்லாமல் இந்தப் பயிற்சியே நடக்காது. காதை மூடி உட்காரும் சாதாரண ஹெட்போன் ஒன்று போதும்.

இங்கே ஒரு முக்கியமான அமைப்பு இருக்கிறது. குழுவின் இசையமைப்பாளரும் ஒலிப்பதிவுக்குப் பொறுப்பானவருமான பிரையன் வில்சனுக்குச் சிறுவயதிலிருந்தே வலது காது ஏறக்குறைய கேட்காமல் இருந்தது. இரண்டு பக்கமும் வேறுவேறாக ஒலிக்கும் ஸ்டீரியோ அவருக்குப் பொருளற்றதாக இருந்தது. ஒரே வாயிலில் எல்லா ஒலியும் சேர்ந்து வரும் மோனோ வடிவத்தையே அவர் மனத்தில் வைத்துச் சமநிலை பார்த்தார். நீங்கள் கேட்கும் பதிப்பு ஸ்டீரியோவாக இருந்தால், கைப்பேசியின் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் ‘மோனோ ஆடியோ’ என்று ஒரு தெரிவு இருக்கும், அதை இயக்கிவிட்டுக் கேளுங்கள். குரல்கள் தனித்தனியாகச் சிதறாமல் ஒரே உடலாக வந்து நிற்கும். இசையமைப்பாளர் கேட்டதற்கு நெருக்கமான ஒலி அதுதான்.

வேலூரில் கேட்பவருக்கு நேரமும் ஒரு பிரச்சினை. மே மாதத் தொடக்கத்தில் அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டால், வெயில் நாற்பது டிகிரி செல்சியஸைத் தாண்டிய பகலில், மின்விசிறியை முழு வேகத்தில் வைக்காமல் யாராலும் உட்கார முடியாது. அந்த இரைச்சல் நடுக்குரல்களை மூடிவிடும். ஊரைச் சுற்றியுள்ள பாறை மலைகள் பகல் முழுவதும் வாங்கிய சூட்டை இரவில்தான் மெல்ல விடுகின்றன என்பதால், இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, தண்ணீர் தெளித்த மொட்டை மாடியில் பாய் விரித்துக் கேட்பது நல்லது. அது முடியாவிட்டால் விடியற்காலை, பால்வண்டிச் சத்தம் தொடங்குவதற்கு முன் கேட்கலாம். ஒரு பக்கம் முழுவதும் ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம்தான், ஆகவே ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் சுமையாக இருக்காது.

கடல் பற்றிய கவலை வேண்டாம்

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைப் பற்றிச் சொல்லும் பழைய சொலவடை எல்லோருக்கும் தெரியும். பாலாற்று மணலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அலைச்சறுக்குப் பாடல் எப்படிப் புரியும் என்ற கேள்வியை நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். இக்குழுவின் வரலாற்றிலேயே அதற்கு விடை இருக்கிறது. பிரையன், டென்னிஸ், கார்ல் என்ற வில்சன் சகோதரர் மூவர், அவர்களுடைய உறவினர் மைக் லவ், நண்பர் ஆல் ஜார்டின் ஆகிய ஐவர் 1961இல் கலிஃபோர்னியாவின் ஹாத்தோர்ன் என்ற ஊரில் இக்குழுவைத் தொடங்கினார்கள். அவர்களுள் உண்மையில் அலைச்சறுக்கில் ஈடுபட்டவர் டிரம்ஸ் வாசித்த டென்னிஸ் ஒருவர்தான். பாடல்களை இயற்றிய பிரையன் அலையில் ஏறியவர் அல்லர், தம்பி சொன்னதைக் கேட்டு எழுதியவர். ஆகவே கடல் தெரியாதவர்கள் இந்தப் பாடல்களுக்கு வெளியே நிற்பவர்கள் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் அலைச்சறுக்கைக் குறிக்கும் ‘சர்ஃப்’ என்ற இசை வகையின் ஒலி எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் கிட்டாரின் பங்கு எளிதில் விளங்கும். அந்த ஒலியை நிலைநாட்டியவர் கிட்டார் கலைஞர் டிக் டேல். லெபனான் வழிவந்த தந்தைக்குப் பிறந்த அவர், கிழக்கு மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் பாடப்பட்டுவந்த ‘மிஸிர்லு’ என்ற பழைய மெட்டை 1962இல் மின்கிட்டாரில் அதிவேகமாக மீட்டிப் பதிவு செய்தார். கர்நாடக இசையில் சரளி வரிசை படித்தவர்கள் அதைக் கேட்டால் திடுக்கிடுவார்கள், ஏனெனில் அந்த மெட்டின் ஸ்வரங்கள் மாயாமாளவகௌளை ராகத்தின் ஸ்வரங்களோடு பொருந்துகின்றன. வீணைக்காரர்கள் அதன் மீட்டலையும் கவனிக்க வேண்டும், ஒரே தந்தியின் நீளத்தில் ஒரு கை ஓட, மறுகை இடைவிடாமல் மேலும் கீழுமாகத் தந்தியை அடித்துக்கொண்டே இருக்கும்.

இவ்வகை இசையின் இன்னோர் அடையாளம் ஈரமான எதிரொலி. ஃபெண்டர் நிறுவனம் 1961இல் வெளியிட்ட ‘ரிவர்ப்’ பெட்டிக்குள் நீண்ட சுருள்கம்பிகள் இருக்கும். கிட்டாரின் மின்சைகை ஒரு முனையில் அதிர்வாக மாறிச் சுருள் வழியே ஓடி, மறுமுனையில் மீண்டும் மின்சைகையாகப் பிடிக்கப்படும், சுருளுக்குள் அதிர்வு முன்னும் பின்னும் அலைவதால் ஒலிக்குப் பின்னே ஒரு நீண்ட வால் உண்டாகும். பீச் பாய்ஸ் தங்களுடைய 1963ஆம் ஆண்டுத் தொகுதி ஒன்றில் ‘மிஸிர்லு’வையே வாசித்திருக்கிறார்கள். சர்ஃப் கிட்டாரை அடித்தளமாக வைத்து, அதன்மேல் குரல்களைக் கட்டியதுதான் அவர்களுடைய தனித்த பங்களிப்பு.

குரல்களைப் பிரித்துக் கேட்பது

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்துவது இந்தப் பகுதியைத்தான். நம்முடைய இசையில் சுருதி ஓரிடத்தில் நிற்க, ஒரு குரல் அதன்மேல் அசைகிறது. அழகு முழுவதும் அந்த ஒரு குரலின் கமகத்தில் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதில்), பிடியில், நிரவலில் இருக்கிறது. பீச் பாய்ஸ் பாடலில் எந்தத் தனிக் குரலிலும் கமகம் கிடையாது. ஒவ்வொரு குரலையும் தனியே எடுத்தால் தட்டையாகத்தான் தோன்றும். அழகு ஒரு குரலுக்கும் அடுத்த குரலுக்கும் இடையே உள்ள தூரத்தில் பிறக்கிறது, அந்தத் தூரம் ஒவ்வொரு சொல்லுக்கும் மாறிக்கொண்டே போகிறது. கமகத்தைத் தேடிக்கொண்டு போகிற செவிக்கு முதல் நாள் ஏமாற்றம் வரலாம், அதற்காக விட்டுவிட வேண்டாம்.

ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை எந்த முயற்சியும் இல்லாமல், பாடல் எப்படி வருகிறதோ அப்படியே கேளுங்கள். இரண்டாம் முறை மேலே ஒலிக்கும் மெட்டை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் கீழே ஒலிக்கும் குரலை மட்டும் பின்தொடருங்கள். பெரும்பாலான பாடல்களில் அது மைக் லவ்வின் குரல். மனிதச் செவி இயல்பாகவே உச்சிக் குரலின் பின்னால் போய்விடும் என்பதால், கீழ்க்குரலைப் பிடித்துக்கொண்டிருப்பது முதலில் கடினமாக இருக்கும், வாயை மூடி அதை முணுமுணுத்துக்கொண்டே கேட்டால் நழுவாது. மூன்றாம் முறை உச்சியில் மிதக்கும் பிரையனின் பொய்க்குரலை, அதாவது இயல்பான குரலுக்கு மேலே மெலிதாக எழும் குரலைப் பின்தொடருங்கள். கீழும் மேலும் பழகிய பிறகு, நடுவில் நிற்கும் கார்ல், ஆல், டென்னிஸ் ஆகியோரின் குரல்கள் தாமாகவே தெளிந்து வரும். நடுக்குரலை முதலிலேயே தேடுகிறவர்கள் சோர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பிரையன் இந்த அடுக்குமுறையை ‘ஃபோர் ஃப்ரெஷ்மென்’ என்ற நால்வர் குழுவின் இசைத்தட்டுகளிலிருந்து கற்றார். சிறிது சிறிதாகத் தட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு குரலும் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்பதைப் பியானோவில் தேடிக் கண்டுபிடித்து, பிறகு அதைத் தம்பிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே வரியை ஒரே குரலால் இருமுறை பாடவைத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் உத்தியையும் அவர் தொடர்ந்து பயன்படுத்தினார். ஐந்து பேர் பாடுவது கூட்டமாகப் பாடுவதுபோல் தடிப்பாகக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். நம் ஊர்ப் பக்கம் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர்களுக்கு இதெல்லாம் விரைவில் பிடிபடும். சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நான்கு பங்காகப் பிரித்துக் கிறிஸ்துமஸ் பாடல்களை ஒத்திகை பார்த்தவர்களின் செவி ஏற்கெனவே பாதி தயாராக இருக்கிறது.

நான்கு பக்கங்கள்

முதல் பக்கம் கடலோடு தொடங்குகிறது. 1962இன் ‘சர்ஃபின் சஃபாரி’யை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். குரல்கள் மெலிந்தும் ஏற்பாடு எளிமையாகவும் இருக்கும், பின்னால் வரும் வளர்ச்சியை இதை வைத்துத்தான் அளக்க வேண்டும். அடுத்த ‘சர்ஃபர் கேர்ள்’ பிரையன் இயற்றிய ஆரம்பப் பாடல்களுள் ஒன்று. தொடையில் தாளம் போட்டுப் பார்த்தால் ஒவ்வோர் அடிக்குள்ளும் மூன்று மாத்திரை இருப்பது, அதாவது திஸ்ர நடை, உடனே தெரியும். வேகம் குறைவு என்பதால், குரல் பிரித்துக் கேட்கும் பயிற்சிக்கு இருபது பாடல்களிலும் இதுவே மிகப் பொருத்தமானது என்று கருதுகிறேன். ‘கேட்ச் எ வேவ்’ பாடலில் மின்னி மறையும் யாழ் ஒலியைத் தேடுங்கள், அதை வாசித்தவர் மைக் லவ்வின் சகோதரி மோரீன்.

நான்காவதாக வரும் ‘தி வார்ம்த் ஆஃப் தி சன்’ இந்தப் பக்கத்தின் உச்சம். அமெரிக்க அதிபர் கென்னடி 1963 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட நாட்களை ஒட்டிப் பிரையனும் மைக்கும் எழுதியது அது. பாடல் ஒரு காதல் பிரிவைப் பற்றியதுதான், அரசியல் ஒரு சொல்கூட இல்லை, எனினும் அதன் கீழ்க்குரல் எதிர்பாராத இடங்களுக்கு இறங்குவதைப் பின்தொடர்ந்தால் அந்தத் துயரத்தின் கனம் தெரியும். அதற்கு அடுத்தே ‘சர்ஃபின் யூஎஸ்ஏ’ குதித்துக்கொண்டு வருகிறது. இதன் மெட்டு ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெரியின் 1958ஆம் ஆண்டுப் பாடலான ‘ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்’ என்பதன் மெட்டு, அதனால் பாடலின் உரிமை சக் பெரியின் வெளியீட்டாளருக்குப் போனது. சரணங்களில் வாத்தியங்கள் ஓர் அடி அடித்துவிட்டு நின்றுவிட, பாடகர் அந்த வெற்றிடத்தில் தனியே சொல்லிக்கொண்டு போவதைக் கவனியுங்கள்.

இரண்டாம் பக்கம் பள்ளியும் காரும். இதை வேகமாகக் கடந்துவிடலாம், ‘லிட்டில் டியூஸ் கூப்’ 1932ஆம் ஆண்டு ஃபோர்டு காரைப் பற்றியது, ‘ஷட் டவுன்’ இரண்டு கார்களின் பந்தயத்தைப் பற்றியது என்று தெரிந்தால் போதும். ‘ஃபன், ஃபன், ஃபன்’ பாடலின் தொடக்கக் கிட்டாரில் மீண்டும் சக் பெரியின் சாயலும், முடிவில் மற்ற குரல்கள் மங்கும்போது மேலே பறந்து போகும் பிரையனின் குரலும் கேட்கத் தக்கவை. ஆனால் இவற்றுக்கு நடுவே வரும் ‘இன் மை ரூம்’ பாடலில் நின்றுவிடுங்கள். வில்சன் சகோதரர் மூவரும் சிறுவயதில் ஒரே அறையில் படுத்து, இரவில் சேர்ந்து பாடிப் பழகியவர்கள். கண்டிப்பும் கடுமையும் மிக்க தந்தை இருந்த வீட்டில் அந்த அறை அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை இப்பாடல் அலங்காரமே இல்லாமல் சொல்கிறது. ஒரு குரலில் தொடங்கி, இரண்டாவது சேர்ந்து, பிறகு எல்லாரும் வந்து சேரும் அந்த முதல் வரிகளை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாலும் தகும்.

மூன்றாம் பக்கத்துக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ‘ஐ கெட் அரவுண்ட்’ 1964இல் அமெரிக்காவில் அவர்களுடைய முதல் முதலிடப் பாடல். வாத்தியம் ஏதுமின்றிக் குரல்களே அதைத் தொடங்குகின்றன. கைதட்டல்கள், திடீர் நிறுத்தங்கள், நிறுத்தத்துக்குப் பின் வேறு வடிவில் திரும்பி வருதல் என்று இரண்டே கால் நிமிடத்துக்குள் இவ்வளவு நிகழ்வதை ‘சர்ஃபின் சஃபாரி’யோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இடையில் இருப்பது இரண்டு ஆண்டுகள் மட்டுமே. ‘வெண்டி’யில் ஆர்கன் வாசிக்கும் இடத்தில் யாரோ இருமுவது பதிவாகியிருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் உங்கள் செவி நுட்பமாகிவிட்டது என்று மகிழலாம்.

இப்பக்கத்தின் கடைசிப் பாடலான ‘டோன்ட் வொர்ரி பேபி’யைத் தொகுப்பின் சிறந்த பாடலாக நான் கருதுகிறேன். ரோனெட்ஸ் குழு பாடிய ‘பி மை பேபி’ என்ற 1963ஆம் ஆண்டுப் பாடலில் மயங்கிப்போன பிரையன், அதற்கு ஈடாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற வேட்கையில் இயற்றியது இது. கார்ப் பந்தயத்துக்கு முன் அஞ்சும் ஓர் இளைஞனைக் காதலி தேற்றுகிறாள் என்பதே பொருள். இதைக் கேட்கும்போது கைப்பேசியில் சுருதிப்பெட்டி ஆப் ஒன்றைத் திறந்து, மூன்று கட்டையில் மெல்ல ஒலிக்கவிடுங்கள். சரணம் அந்தச் சுருதியில் இழைந்து போகும். காதலியின் சொல் வரும் பல்லவிப் பகுதி தொடங்கியதும் பெட்டி முரண்படும், ஏனெனில் பாடலின் ஆதாரம் முழுவதும் நாலரைக் கட்டைக்கு ஏறிவிட்டது. அடுத்த சரணத்தில் மீண்டும் மூன்று கட்டைக்கே இறங்குகிறது. அஞ்சுகிறவன் கீழே, தேற்றுகிறவள் மேலே என்று சுருதியே கதையைச் சொல்கிறது. சுருதி மாறாமல் கேட்டே பழகிய நமக்கு இந்த ஏற்றம் மற்றவர்களைவிடக் கூர்மையாக உறைக்கும் என்பது என் நம்பிக்கை.

நான்காம் பக்கம் முழுவதும் 1964, 1965 ஆண்டுகளைச் சேர்ந்தது. 1964 டிசம்பரில் விமானத்தில் மனம் நிலைகுலைந்து போன பிரையன், இனி ஊர் ஊராகச் சென்று மேடையில் பாடுவதில்லை என்று முடிவு செய்து, ஒலிப்பதிவுக் கூடத்திலேயே தங்கிவிட்டார். மற்றவர்கள் பயணத்தில் இருக்கும்போது லாஸ் ஏஞ்சலிஸின் தேர்ந்த வாத்தியக் கலைஞர்களைக் கொண்டு அவர் பின்னணியைப் பதிவு செய்தார். அதன் விளைவை ‘கலிஃபோர்னியா கேர்ள்ஸ்’ பாடலின் முன்னிசையில் கேட்கலாம். பாடலோடு நேரடித் தொடர்பு இல்லாததுபோல் நிதானமாக விரியும் அந்தச் சில நொடிகளைத் தனியே கேளுங்கள். அடுத்த ‘கேர்ள் டோன்ட் டெல் மீ’யில் கார்ல் தனியே பாடுகிறார், பின்னணிக் குரல்களே இல்லை. பதினாறு பாடல்களாக அடுக்குக் குரலுக்குப் பழகிவிட்ட செவிக்கு இந்த இன்மை பளிச்சென்று படும், இதை நான்காம் பக்கத்தில் வைத்ததற்காகத் தொகுத்தவரைப் பாராட்ட வேண்டும். ‘ஹெல்ப் மீ, ராண்டா’வில் முதன்மைக் குரல் ஆல் ஜார்டினுடையது. மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மாரிம்பாவின் ஒலியோடு தொடங்கும் ‘ஆல் சம்மர் லாங்’ தொகுப்பை முடித்துவைக்கிறது.

சேர்ந்து பாடுவது

நான்கு பக்கமும் கேட்டு முடித்தவர்கள் அடுத்துச் செய்ய வேண்டியது பாடுவது. இதற்கு மூன்று பேர் போதும். ‘சர்ஃபர் கேர்ள்’ அல்லது ‘இன் மை ரூம்’ பாடலை எடுத்துக்கொண்டு, தாழ்ந்த குரல் உடையவர் கீழ்ப்பங்கை முதலில் மனப்பாடம் செய்யட்டும். அது உறுதியான பிறகே மற்றவர்கள் சேர வேண்டும். சொற்களை விட்டுவிட்டு ‘ஊ’ என்ற ஒலியில் மட்டும் முதலில் பாடுங்கள், சொல் இல்லாதபோது ஸ்வரத்தின் பிழை மறைய இடமிருக்காது. வீட்டில் பாட்டுப் படித்த அக்காவோ சித்தியோ இருந்தால் சுருதி பார்க்க அவர்களை உட்கார வையுங்கள், ஆனால் கமகம் போட வேண்டாம் என்று முன்கூட்டியே பணிவோடு சொல்லிவிடுங்கள். ஒரு குரல் அசைந்தாலும் அடுக்கு கலைந்துவிடும். மூன்று குரல்களும் சரியான தூரத்தில் நின்றுவிட்டால், யாரும் பாடாத ஒரு மெல்லிய மேல்ஒலி காற்றில் எழுவதுபோல் இருக்கும். குரல்களின் அதிர்வுகள் ஒன்றோடொன்று இயைந்து, அவற்றுக்குப் பொதுவான மேல் அதிர்வுகள் வலுப்பெறுவதால் உண்டாவது அது. அதை ஒருமுறை கேட்டவர் பாடுவதை நிறுத்தமாட்டார்.

அதற்குப் பிறகு ‘குட் வைப்ரேஷன்ஸ்’ பாடலுக்கு வாருங்கள். அது 1966இல் பல கூடங்களில், பல மாதங்களாகத் துண்டு துண்டாகப் பதிவு செய்யப்பட்டு, பின்னர் இணைக்கப்பட்டது. 1965ஓடு முடியும் இருபது பாடல்களின் பின்னால் உடனே கேட்டால், இடையில் நடந்தது தெரியாமல் அது அந்நியமாகத் தோன்றும் என்பதால்தான் அதைத் தள்ளிவைக்கச் சொன்னேன். அந்த இடைவெளியை நிரப்புவது 1966 மே மாதம் வந்த ‘பெட் சவுண்ட்ஸ்’ என்ற தொகுதி. ஆகவே ‘ஆல் சம்மர் லாங்’, பிறகு ‘பெட் சவுண்ட்ஸ்’ முழுவதும், அதன்பின் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ என்ற வரிசையில் போங்கள். அதிலும் மோனோ பதிப்பையே தேர்ந்தெடுங்கள், அங்கும் கீழ்க்குரலிலிருந்தே தொடங்குங்கள்.